எட்வின் லெவனின் அக்கா

யாராவது நல்லது செய்தால் அக்காவுக்குக் கோபம் வரும். கெட்டது செய்தவனைக்கூட ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவன், மழையில் குடையை நீட்டியவன், டீக்கடையில் அவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவன், இவர்கள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "நான் கேட்டேனா?" என்பார். அவ்வளவுதான். எதிரில் நிற்கிற ஆள் ஒரு சுற்று இளைத்துப்போவான். நானே பலமுறை இளைத்திருக்கிறேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. கவுண்டரின் ஓட்டை வழியாகப் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூட நாலு வீடு தள்ளிக் கேட்கும் குரல். ஒல்லி, நல்ல உயரம், எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. எங்களில் ஒருத்தருக்கும் அவர் சொந்தமில்லை. எங்கள் கால்பந்துக் குழு அவருடைய தம்பியின் பெயரில் இருந்தது, அதனால் எல்லாருக்கும் அக்கா. அவரைவிட வயதில் மூத்த டீக்கடைக்காரரும் அக்கா என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. இங்கேயும் வேண்டாம்.

குழுவின் பெயர் எட்வின் லெவன். மெட்ராஸ் லீகில் கீழ் டிவிஷன். சேலையூர், கேம்ப் ரோடு பக்கத்துப் பையன்கள்தான் ஆடினார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கைச்செலவுக்கு ஏதோ கிடைக்கும், அதற்கே அவர்களை வீட்டில் ராஜா மாதிரி பார்ப்பார்கள். ஆட்ட நாளில் நாங்கள் ஒரு கூட்டம் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, கத்திக்கொண்டே மைதானத்துக்கு நடப்போம். நான் அப்போது மின்சார வாரிய அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. ஆபீசில் வாயைத் திறக்காதவன் அங்கே போய்த் தொண்டை கிழியக் கத்துவேன். கல்யாணம் ஆகாத வயது, வேறு என்ன வேலை?

எட்வின் எங்கள் இடது விங். எண்பதுகளின் தொடக்கத்தில், இருபத்துமூன்று வயதில், மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தான். அதுவரை எங்களுக்கு சேலையூர் யங்ஸ்டர்ஸ் என்று பெயர். இரங்கல் கூட்டத்தில் எங்கள் செக்ரட்டரி, அவர் ஒரு டிரில் மாஸ்டர், அழுதுகொண்டே எழுந்து, இனிமேல் இந்தக் குழு எட்வின் லெவன் என்றார். எல்லாரும் கை தூக்கினோம். அக்காவை யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, அக்கா மைதானத்துக்கே வந்துவிட்டார். அதற்கு முன்னால், சாவு வீட்டைத் தவிர, அவரை நாங்கள் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். நேராகச் செக்ரட்டரியிடம் போனார்.

"யாரைக் கேட்டு சார் என் தம்பி பேரை வச்சீங்க?"

"இல்லம்மா, ஒரு மரியாதைக்கு..."

"மரியாதைக்கா? பாவம்னு வச்சீங்களா?"

செக்ரட்டரி பதில் சொல்வதற்குள் எங்கள் ஆள் ஒருத்தன் பந்தோடு ஓடினான். ஜனம் எழுந்து, "எட்வின்! எட்வின்!" என்று கத்தியது. அக்கா திரும்பிப் பார்த்தார். கத்தியவர்களில் பாதிப் பேர் எட்வினைத் தெரியாத வெளியூர்க்காரர்கள். ஆட்டம் முடிகிற வரைக்கும் அக்கா அங்கேயே நின்றார். செக்ரட்டரியிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். பிறகு, டியூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொண்டு, ஒன்பது பத்து வருஷம், ஏறக்குறைய எல்லா ஆட்டத்துக்கும் வந்தார்.

அக்காவுக்காகச் செக்ரட்டரி பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு இரும்பு நாற்காலி வரவழைத்து மைதானத்து எல்லைக் கோட்டுக்கு அருகில் போட்டார். அக்கா அதைப் பார்த்தார். போய் அதில் தன் கைப்பையை வைத்துவிட்டு, ஆட்டம் முடியும் வரை பக்கத்தில் நின்றார். நாற்காலி வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தது, கைப்பை அதில் சுகமாக உட்கார்ந்துகொண்டிருந்தது.

டிரெயினிலும் அப்படித்தான். லேடீஸ் பெட்டியில் ஏற மாட்டார், எங்களோடுதான் வருவார். யாராவது சீட்டை விட்டு எழுந்தால், "ஏன், எனக்குக் கால் இல்லையா?" என்பார். எழுந்தவனுக்கு மறுபடி உட்காரவும் முடியாது, நிற்கவும் கூச்சம். அந்தச் சீட்டு காலியாகவே கிண்டி வரைக்கும் வரும். ஏறுகிறவர்கள் எல்லாம் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

சரி, கர்வம் பிடித்த பொம்பளை என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பின்வரிசையில் ஆடும் எங்கள் ஸ்டாப்பர் பாபு கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டியூட்டி முடிந்ததும் தினமும் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது அக்காதான். ஆட்டோ ஓட்டுகிற மணிக்குப் பாபு அடுத்த வீட்டுப் பையன். எங்கள் கூட்டத்திலேயே அக்காவிடம் எதிர்த்துப் பேசுகிற தைரியம் மணிக்கு மட்டும்தான் இருந்தது.

"இன்னாக்கா நியாயம் இது? நீ மட்டும் எல்லாருக்கும் செய்வே. ஒன்க்கு நாங்க ஒரு டீ வாங்கிக் குட்தா மூஞ்ச தூக்கி வச்சுக்கினு போறே?"

"அவனுக்குக் கால் ஒடஞ்சுது. எனக்கு என்ன ஒடஞ்சுது?"

மணி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருநாள் கவுண்டர் வரிசையில் நின்றபோது புரிந்தது. எனக்கு முன்னால் ஒரு ஆள், டிக்கெட் தரத் தாமதம் என்று கத்த ஆரம்பித்தான். பக்கத்துத் தெருக்காரன்போல, குடும்பக் கதை தெரிந்திருக்கிறது. "அப்பன் தண்டவாளத்துல செத்தான்னு பாவம் பார்த்துப் போட்ட வேலைதானே இது, அதுக்கு இவ்ளோ மெதப்பா?" என்றான். அக்காவின் அப்பா ரயில்வேயில் கேங்மேன். பாதையில் வேலை செய்யும்போது அடிபட்டு இறந்தவர். அம்மா அதற்கு முன்பே இல்லை. கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கிடைத்தது. பத்தொன்பது வயதுப் பெண் அந்த வேலையை வைத்துத்தான் சின்னப் பையனாக இருந்த தம்பியை வளர்த்தாள்.

அக்கா அவனுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். என் முறை வந்தது. "விடுங்கக்கா, குடிச்சிருக்கான்" என்றேன். "எந்த ஊருக்கு?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அந்த ஆளை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அதையும் அவருக்காகச் செய்ததாக ஆகிவிடுமே என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் எட்வின் நினைவு நாளையொட்டி எங்கள் மைதானத்தில் ஒரு ஆட்டம் வைப்போம். ஒரு வருஷம் படப்பையிலிருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டிருந்தோம். நல்ல குழு, எங்களைவிட பலம். பாதி ஆட்டத்தில் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். இடைவேளையில் அவர்கள் கேப்டனிடம் யாரோ அக்காவைக் காட்டி, செத்தவனின் அக்கா என்று சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் நினைவுப் போட்டிகளுக்கு ஒரு எழுதாத வழக்கம் உண்டே, வந்த விருந்தாளி வீட்டுக்காரனை ஜெயிக்க விட்டுவிட்டுப் போவான். அதைத்தான் செய்தார்கள். இரண்டாம் பாதியில், தடுக்க வேண்டிய அவர்கள் பேக் எங்கள் ஆளைப் பார்த்து ஒதுங்கினான், கோல்கீப்பர் தப்பான பக்கம் விழுந்தான். மூன்று கோல் போட்டோம். நாங்கள் குதித்தோம்.

அக்கா குதிக்கவில்லை. விசில் ஊதியதும் நேராக மைதானத்துக்குள் இறங்கி அவர்கள் கேப்டன் முன்னால் போய் நின்றார்.

"எங்க பசங்களுக்குப் பிச்சை போடவா அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தீங்க?"

அவன் பாவம், நல்ல எண்ணத்தில் செய்தவன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்படியில்லக்கா, உங்க..." என்று ஆரம்பித்தான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. வந்து ஒழுங்கா ஆடுங்க."

வந்தார்கள். ஒழுங்காக ஆடினார்கள். எங்களை மூன்றுக்கு ஒன்று என்று உரித்துத் தொங்கவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் பையன்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு சொல்கிறேனே, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா எதிரில் நாங்கள் யாரும் எட்வினைப் பற்றிப் பேச மாட்டோம். குழுவின் பெயராகத்தான் அந்தப் பெயர் எங்கள் வாயில் வரும். அந்தப் பையனைப் பற்றி, அவன் ஆட்டத்தைப் பற்றி, மூச். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. துக்கப்பட்டவரிடம் துக்கத்தைக் கிளறக் கூடாது என்கிற மரியாதை, எங்கள் வீடுகளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை. டீக்கடையில் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அக்கா வருவது தெரிந்தால் யாராவது இருமுவார்கள், பேச்சு அன்றைய ரெஃபரிக்குத் தாவிவிடும்.

தொண்ணூறுகள் தொடங்கிய பிறகு அந்த பம்ப் கம்பெனி வந்தது. படப்பை பக்கம் புதிதாகப் பெரிய ஆலை போட்டிருந்தார்கள், முதலாளிக்குக் கால்பந்துப் பித்து. எங்கள் குழுவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆறு பேருக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை, மற்றவர்களுக்கு மாதாமாதம் சம்பளம், நல்ல பூட்ஸ், பயிற்சியாளர். முதல் டிவிஷனுக்குப் போய்விடலாம். ஒரே ஒரு நிபந்தனை. எட்வின் லெவன் போக வேண்டும், கம்பெனியின் பெயர் வர வேண்டும்.

அந்தப் புதுப் பெயரை நான் எழுதப் போவதில்லை. கோபமா என்றால், ஆமாம், கோபம்தான்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது டிரெயினிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு அக்காவுக்கு டியூட்டி, வரவில்லை. அதனால் எல்லாரும் வாய்விட்டுப் பேசினோம்.

"பேரு இன்னாத்துக்குப்பா?" என்றான் மணி. "பேரு சோறு போடுமா? நம்ம பாபு மார்க்கெட்ல மூட்டை தூக்கிகினு கீறான். ஒடஞ்ச காலு அது. வேலை வந்துச்சுன்னா அவன் வூட்ல அடுப்பு எரியும். பேர மாத்து, போய்க்கினே இரு."

"அப்போ நாளைக்கு வேறொருத்தன் வந்து இன்னும் பெரிய வேலை தரேன்னு சொன்னா அவன் பேரை வைப்பியா?" என்றேன் நான்.

"வைப்பேன். ஒன்க்கு கவர்மெண்ட் வேலை கீது, நீ பேசுவே."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா மூஞ்சியில எப்படிடா முழிப்பே?" என்றேன்.

மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து யார் பெயர் மாற்றம் பற்றிப் பேச்செடுத்தாலும் அதே கேள்வியைத் தூக்கிப் போட்டேன். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சேலையூர் டீக்கடை, சலூன், ஆட்டோ ஸ்டாண்டு, எங்கே போனாலும் "அக்கா மனசு என்ன பாடுபடும்" என்பதுதான் பேச்சு. கம்பெனிக்காரர்கள் பதில் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். செக்ரட்டரி இழுத்துக்கொண்டே போனார். அக்காவிடமே போய்க் கேட்டுவிடலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். அதுவும் மரியாதைதான்.

ஸ்டேஷன் வாசலில் ஆயிரம் வாய். அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டோம். ஆட்டக்காரர்கள், ரசிகர்கள், பெஞ்சு போதாமல் ஜன்னலில் எல்லாம் ஆள். பேச்சு ஆரம்பிக்கிற நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். கடைசி பெஞ்சில் இடம் இருந்தும் சுவரோரமாக நின்றுகொண்டார்.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "அக்காவே வந்திருக்காங்க. அவங்க மனசு புண்படுற மாதிரி யாரும் பேச வேணாம்" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் அந்தத் தண்டவாளத்திலேயே ஓடினார்கள். அக்கா தனியாகத் தம்பியை வளர்த்தது, அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தது, அக்காவுக்கு இந்தப் பெயரை விட்டால் என்ன இருக்கிறது என்பது. நானும் எழுந்து பேசினேன். ஒரு சகோதரியின் கண்ணீர், அது இது என்று அடுக்கினேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பேச்சில் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி.

நான் உட்கார்ந்ததும் அக்கா கேட்டார்.

"வேற காரணம் எதுவும் இருக்கா?"

ஹாலில் யாருக்கும் புரியவில்லை.

"இந்தப் பேரு இருக்கணும்னு சொல்றீங்க. எனக்காகங்கறதத் தவிர, வேற ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க."

தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தோம். அவருடைய குணம் தெரிந்ததுதானே, தனக்காக என்றால் பிடிக்காது, நாம்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தோம். மணி எழுந்தான்.

"வேற இன்னாக்கா காரணம் வேணும்? நான்தான் மொதல்ல பேர மாத்துன்னு சொன்னவன். இப்ப சொல்றேன், வேணாம். ஒன்க்கு ஒரு பேஜாருன்னா எங்களுக்கு எந்த வேலையும் வேணாம். நீ ஒருத்தி போதாதா?"

ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாம் விசில் அடித்தார்கள். அந்த விசில் அடங்குவதற்குள் பாபு எழுந்தான். அவன் பேசத் தெரியாத பையன். கம்பெனி கொடுத்த ஆறு பேர் பட்டியலில் முதல் ஆள் அவன்தான்.

"எனக்கு வேலை வேணாம்க்கா" என்றான். "நான் மூட்டை தூக்கியே பொழைச்சுக்கிறேன். அண்ணன் பேரு இருக்கட்டும், ஒங்களுக்காக."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கவுண்டரில் அந்த ஆள் கத்தியபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. பிறகு எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், ஒவ்வொருத்தராக. நாங்கள் ஈரக் கண்ணோடு தலையாட்டினோம், கவலைப்படாதீங்கக்கா என்கிற மாதிரி.

"அப்போ மாத்திடுங்க" என்றார்.

செக்ரட்டரி, "அம்மா, அவசரப்படாதீங்க" என்றார்.

"மாத்துறதுக்கு யார் யார் சம்மதம்? கை தூக்குங்க. நான் தூக்குறேன்."

தூக்கினார். அந்தக் கை மட்டும் ஹாலில் தனியாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. பாபு அழுதுகொண்டே தூக்கினான். பிறகு மணி. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். என் கையும்தான். எட்வின் லெவனை வைத்ததும் இப்படித்தான், எடுத்ததும் இப்படித்தான்.

வெளியே வந்ததும் பாபு அவர் காலில் விழப் போனான். "எழுந்திரு. ஒனக்காக ஒண்ணும் நான் செய்யல" என்று சொல்லிவிட்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் நடந்தார்.

புதுப் பெயரில் முதல் ஆட்டம். புதுச் சட்டை, புது பூட்ஸ், மைதானத்தில் கம்பெனியின் பேனர். அக்கா வர மாட்டார் என்று நினைத்தோம், வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். எங்கள் விங் ஓடும்போது கத்த வாயைத் திறந்த ஜனத்துக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. சிலர் பழைய பழக்கத்தில் "எட்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பம்ப் கம்பெனியின் பெயரைக் கத்த யாருக்கு வாய் வரும்? கைதான் தட்டினோம். இரண்டு கோல் வித்தியாசத்தில் எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள். பாபு ஒரு கோலைக் கோட்டின் மேலேயே தடுத்தான். நல்ல ஆட்டம், பொய் சொல்லக் கூடாது.

திரும்பும்போது பார்க் ஸ்டேஷனில் மற்றவர்கள் முதலில் வந்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். நான் சிகரெட் வாங்கப் போய்ப் பின்தங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரும் அந்த வண்டியை விட்டிருந்தார். சிகரெட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். மனசில் இருந்ததை அடக்க முடியவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்களுக்காகத்தானே அன்னைக்கு நாங்க அத்தனை பேரும் அவ்வளவு பேசினோம்."

"ஆமா. நல்லாத்தான் பேசுனீங்க." கோபம் இல்லை குரலில். "என்னைப் பத்தியே பேசுனீங்க. நான் எப்படி வளர்த்தேன், எனக்கு யாரு இருக்கா, நான் எவ்வளவு பாவம். நான் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன் தம்பி. ஒருத்தராவது, அவன் நல்லா ஆடுவான், அதனால அந்தப் பேரு இருக்கட்டும்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ரெண்டு தரம் கேட்டும் பார்த்தேன்."

அக்கா தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் ஆடி நான் பார்த்ததே இல்ல" என்றார். "ஞாயித்துக்கிழமை டியூட்டி எல்லாம் நான்தான் கேட்டு வாங்குவேன், ரெண்டு பேருக்கு ஒரு சம்பளம். பந்தை உதைச்சா சோறு வருமான்னு திட்டுவேன். வாக்கா, ஒரு ஆட்டம் வந்து பாருக்கான்னு கெஞ்சுவான். அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்லிட்டு இருந்தேன். அவன் போனப்புறம்தான் வந்தேன். நீங்க எல்லாரும் பார்த்தவங்க. யாராவது சொல்லுவீங்க, அவன் எப்படி ஆடுவான்னு. நான் வந்தாலே பேச்சை நிறுத்திடுவீங்க."

பத்து வருஷம். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், வெயிலிலும் மழையிலும் நின்ற பத்து வருஷம். அவன் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன்.

"இடது கால்தான்க்கா அவனுக்கு" என்றேன். "வலது கால் சும்மா நிக்கறதுக்குத்தான்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

அக்கா என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"கார்னர் எடுக்கறதுக்கு முன்னாடி சாக்ஸை முட்டி வரைக்கும் இழுத்து விட்டுப்பான். ரெஃபரி விசில் ஊதிட்டு நிப்பாரு, இவன் பாட்டுக்கு இழுத்துக்கிட்டிருப்பான். ஒரு தடவை பயங்கர மழை. மைதானம் பூரா குளம். பந்து ஒரு பள்ளத்துத் தண்ணியில நின்னுடுச்சு. அவங்க பேக் ரெண்டு பேர் சறுக்கிக்கிட்டு வராங்க. எட்வின் உதைக்கல. இடது கால் நுனியால பந்தை அப்படியே தண்ணியிலேர்ந்து தூக்கினான். அவங்க ரெண்டு பேர் தலைக்கு மேல போச்சுக்கா பந்து."

தாம்பரம் வண்டி வந்து நின்றது. கதவருகில் கூட்டம் இல்லை, உள்ளே சீட்டுகூடக் காலியாக இருந்தது. நான் பேச்சை நிறுத்தி வண்டியைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது, கடைசிப் பெட்டியும் எங்களைத் தாண்டிப் போனது. சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்டார்.

"அப்புறம்?"